நாற்பத்தெட்டைக் காணோம்

திரையில் வந்த எண்ணை இரண்டு தரம் பார்த்தேன். எண்பது மெகாபைட் இருக்க வேண்டிய புது டிஸ்க்கில் முப்பத்திரண்டுதான் இருந்தது.

அது 1988. போடியில் எனக்குத் தெரிந்து எங்கள் ஏலக்காய் மண்டியில் மட்டும்தான் கம்ப்யூட்டர். அதை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரும் எனக்கு உண்டு. எந்த எஸ்டேட்டிலிருந்து எந்த ரகம் எத்தனை மூட்டை வந்தது என்று ஏற்றி ஏற்றியே பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. முதலாளி கோட்டைச்சாமி பெரிய டிஸ்க் வாங்கச் சம்மதித்தார். டிரைவர் மொக்கச்சாமி அண்ணன் கம்ப்யூட்டரை ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோய், கடையில் புது டிஸ்க்கை மாட்டி எடுத்து வந்தார். நான் நோட்டில் எழுதி வைத்திருந்தபடி கட்டளைகளைக் கொடுத்தேன். வந்தது முப்பத்திரண்டு.

மதுரைக்கு டிரங்க் கால் போட்டோம். எண்பதுதான் மாட்டி அனுப்பினோம் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். மாட்டிய இன்ஜினியர் வெளியூர் போயிருக்கிறாராம், மூன்று நாள் ஆகுமாம்.

போடிமெட்டிலிருந்து இறங்கும் லோடில் எடை குறைந்தால் எங்கள் மண்டியில் முதலில் டிரைவரைத்தான் பிடிப்பார்கள். எனக்கும் அதே புத்தி. மொக்கச்சாமி அண்ணன் நேரே மண்டிக்கு வராமல் ராசிங்காபுரத்தில் தன் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தது எனக்குத் தெரியும். முதலாளியிடம் அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

"புள்ளைக்குக் காய்ச்சல்மா. பாத்துட்டு வெரசா வந்துட்டேன். பெட்டியத் தொறக்கக்கூட இல்ல," என்றார் அவர்.

"அப்ப நாப்பத்தெட்டு எங்கண்ணே போச்சு? காத்துல கரைஞ்சிருச்சா?"

முதலாளி அதிகம் பேசவில்லை. "குடுத்தத அப்படியே கொண்டாந்து சேத்தேன்னு புள்ள மேல சத்தியம் பண்ணு. இல்லேன்னா சாவிய வச்சுட்டுப் போ," என்றார்.

கோயிலில் சூடம் ஏற்றினார்கள். மொக்கச்சாமி அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "குடுத்தத அப்படியே கொண்டாந்து சேத்தேன். எம் பொன்னுமணி மேல சத்தியம்," என்று சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். அவர் அவ்வளவு நேரம் தயங்கியதைப் பார்த்து, இந்த ஆள் திருடன்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் இன்ஜினியர் போனில் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"டிஸ்க்கு சரியாத்தாம்மா இருக்கு. அதை ஓட்டுற ஒங்க டாஸ்தான் பழசு. ஒரு பாகத்துல முப்பத்திரண்டுக்கு மேல அதுக்குத் தெரியாது. மிச்சத்த இன்னும் ரெண்டு பாகமாப் பிரிங்க, வந்துரும்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இன்னொரு முப்பத்திரண்டு வந்தது. பிறகு ஒரு பதினாறு. கூட்டினால் எண்பது. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் அரைகுறைப் படிப்பை நம்பி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை மேல் ஒரு மனுஷனைச் சத்தியம் பண்ண வைத்துவிட்டேன்.

அடுத்த பஸ்சில் ராசிங்காபுரம் போனேன். அவர் மனைவி மாயக்காள் வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே பாயில் பொன்னுமணி சுருண்டு படுத்திருந்தாள். மொக்கச்சாமி அண்ணன் அவளைவிட்டு எட்டி, சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எண்பதும் அப்படியே இருக்கு. எனக்குத்தான் பாக்கத் தெரியல. என்னைய மன்னிச்சிருங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"நெசமாவா? ஒண்ணும் கொறையலையா?"

"இல்லண்ணே."

"தேனி ரோட்டுல ஒரு பள்ளத்துல ஜீப்ப விட்டுட்டேன்மா. பெட்டி தூக்கிப் போட்டுச்சு. மூட்டை மாதிரி அதுலயும் சிந்திப் போயிருக்குமோ, தெரியாமப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேனோன்னு..." அவர் பாயருகே போய்க் குனிந்தார்.

"சத்தியம் பண்ணின கையால மூணு நாளா இவள நான் தொடலம்மா," என்று சொல்லிக்கொண்டே மகளின் நெற்றியில் கை வைத்தார்.