கப்பலில் ஒரு விளக்குமாறு

கைபேசியில் வந்த படத்தைப் பார்த்ததும் ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் பிரதாப் கப்பல் தளத்தில் நிற்கிறான். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் பூட்ஸ், எல்லாம் சரிதான். கையில் என்ன எழவு அது? விளக்குமாறு!

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் மாமனார் வாசக்கூட்டியாக இருந்தவர். லயத்து வீடுகளின் வாசலையும் சாக்கடைக் கானையும் கூட்டியே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அது 'வாசக்கூட்டி வீடு'தான். அந்தப் பெயர் தொலையட்டும் என்றே மகனை விளக்குமாற்றைத் தொடவிடாமல் வளர்த்தாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கப்பல் இன்ஜினியராக்கினாள். ஆக்கி என்ன லாபம்?

ஞாயிறு மத்தியானம் அவன் வீடியோவில் வந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, படிச்ச படிப்புக்கு வெளக்கமாத்தையா குடுத்தானுங்க?"

பிரதாப் சிரித்தான். "கூட்டுறதுக்கு இல்லம்மா. நாளைக்கு ஏறப்போற கப்பல் எண்ணெயில ஓடாது, ஹைட்ரஜன் வாயுவுல ஓடும். அதுக்குப் பயிற்சி."

"வாயுன்னா கேஸா?" போன வருஷம் லயத்தின் கடைசிக் காம்பிரா வீட்டில் கேஸ் அடுப்பு வெடித்துக் கூரைத் தகரமே பறந்தது. ராக்காயி போனுக்குக் கிட்டப் போனாள். "கசிஞ்சா நாத்தம் வரும்ல? ஓடிரலாம்ல?"

"இதுக்கு வாசமே கெடையாதும்மா."

போனைப் பிடித்திருந்த மருமகள் கிருஷாந்தியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மறைக்காம சொல்லுங்க. நானும் படிச்சேன். பகல்ல அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாதாமே, மாமி!"

ராக்காயி மகனின் முகத்தையே பார்த்தாள். அவன் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"கண்டுபிடிக்க மெசின் இருக்கும்மா, கேமரா இருக்கு. அதெல்லாம் வேல செய்யலன்னாதான் இது. வெளக்கமாத்த முன்னால நீட்டிக்கிட்டு மெதுவா நடக்கணும். நுனி பத்திக்கிச்சுன்னா நெருப்பு அங்க இருக்குன்னு அர்த்தம். உடனே பின்னால வந்துரணும்."

"வெளக்கமாறு எரிஞ்சாத்தான் தெரியுமா?"

"ஆமாம்மா."

"அதுக்கு அந்தப் பக்கம் நெருப்பு. இந்தப் பக்கம் நீயி."

ராக்காயி போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "வேணாம்டா, வந்துரு. மூட்ட தூக்கியாச்சும் பொழச்சுக்கலாம்."

"நான் ஏறலன்னா வேறொரு அம்மாவோட புள்ள ஏறுவான். நல்லாப் பழகிட்டேன்மா. பயப்படாதீங்க."

பயப்படாதீங்களாம்! பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது? அழுதால் நாளைக்குக் கப்பலில் அவன் கை நடுங்குமே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். போ என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. கிருஷாந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முந்தானையை எடுத்துவிட்டு ராக்காயி கேட்டாள்.

"அந்த வெளக்கமாத்துக் கம்பு எத்தன அடி இருக்கும்?"

"ஆறடி இருக்கும்மா."

"பத்தாது சாமி. இன்னும் நீளமானதா கேட்டு வாங்கு."