இரண்டே நிமிடத்தில் கழுவக்கூடிய மேட்

என் அக்காள் புருஷன் தனபால் மின்சாரக் கார் வாங்கினார். அதை எப்படி ஓட்டுவது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு மேல் என்னென்ன போட்டு மூடுவது என்றுதான் கேட்டார். கேட்டது என்னிடம்.

என்னிடம் கேட்கக் காரணம் இருந்தது. சென்னையில் நான் இரவு ஷிப்டில் பார்த்த வேலையே அதுதான். வெளிநாட்டில் கார் வைத்திருப்பவர்கள் மேட், சீட் கவர், டிக்கியில் போடும் தட்டு என்று ஏதாவது வாங்குவார்கள். சந்தேகம் வந்தால் சாட்டில் கேட்பார்கள். நான் பதில் அடிக்க வேண்டும். நாய் மயிர் ஒட்டுமா, குழந்தை ஜூஸ் கொட்டினால் கறை போகுமா, இதெல்லாம்தான் கேள்வி. நல்ல சீட்டுக்காகவே விலை உயர்ந்த காரை வாங்குவார்கள். பிறகு அந்தச் சீட்டை யாரும் தொடக் கூடாது என்று அதன்மேல் இன்னொன்றை மாட்டுவார்கள். பிறகு மாட்டியது அழுக்காகிறது என்று எங்களிடம் புகார் செய்வார்கள். ஒருவர், மேட்டுக்கு மேலே போட மேட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று பதில் அடித்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. மலையிலுள்ள சொந்த ஊருக்கு வந்து பார்த்தால், அதே ஆள் தனபால் உருவத்தில் என் அக்காள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

அக்காள் வீடு மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில், ரோட்டைவிட்டுத் தள்ளி, ஒரு சரிவின் கீழே இருக்கிறது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கருப்பண்ணனின் மரவள்ளிக் காடு. கருப்பண்ணன் தனபாலுக்குப் பெரியப்பா, பங்காளிகளில் மூத்தவர். அவர் காட்டு வரப்பில்தான் எல்லோரும் நடந்து போய் வர வேண்டும். என் அக்காள் அம்சவேணி அன்னாசிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வரப்பில் ஏறி, ரோட்டில் பஸ் பிடித்து, சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறவள். போன மழைக்கு வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. இன்றுவரை அந்தக் கையால் குடத்தைத் தூக்க மாட்டாள்.

தனபால் கார் வாங்க அவள் சம்மதித்ததே அந்த வரப்புக்காகத்தான். வண்டி வந்தால் வரப்பை வெட்டி அகலமாக்கித் தடம் விடுவதாகக் கருப்பண்ணன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். தடம் வந்தால் தலைச்சுமை போகும். தடம் வராவிட்டால் அந்தக் காரால் யாருக்கும் பயனில்லை, ஏனென்றால் அதற்குச் சார்ஜ் ஏற்றும் பிளக் வீட்டுச் சுவரில் இருந்தது. இவ்வளவு தெளிவான விஷயம் மிளகு வியாபாரம் செய்யும் ஒரு மனிதனுக்கு எப்படி மறந்துபோகும் என்று கேட்கலாம். அவர் மேட் தேடிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, சீட்டு கிரீம் கலரு. மேல என்ன போடலாம்?"

"ஒன்னும் வேண்டாம் மச்சான். கம்பெனிக்காரன் போட்டதே உட்காரத்தான். தடியான கவர் போட்டா பக்கத்துல இருக்கற காத்துப்பை விரியாது. மோதுனா உசுருக்கு ஆபத்து."

"காத்துப்பை என்னைக்கோ ஒரு நாளைக்கு. அழுக்கு தெனமும் வருதில்ல?"

அவர் தடியான கவரையே வாங்கினார். அது வருவதற்குள் காரே வந்துவிட்டதால், சீட்டில் கம்பெனி சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. கவர் வந்ததும் அந்த உறைக்கு மேலேயே மாட்டினார். டச் ஸ்கிரீனுக்கு ஒட்டும் தாள். சீட்டுக்குப் பின்னால் தொங்கவிடும் பைகள். முன்னால், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த குழிக்கு அறை அறையாகத் தடுத்த ஒரு பெட்டி. குடைக்கு ஒரு குழாய். கூலிங் கிளாஸ் வைக்க ஒரு கூடு. தனபால் கூலிங் கிளாஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

அக்காள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அன்னாசிக் கூடைய எதுல வெக்கிறது?"

"அன்னாசியா, உள்ளயா? ஒருக்கா வெச்சா அந்த வாசம் போகவே போகாது புள்ள."

"வாசத்துக்குன்னு ஒரு டப்பா வாங்கி முன்னால ஒட்டியிருக்கீங்களே, அது என்ன வாசமுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். டப்பாவைத் திருப்பிப் படித்தேன். அன்னாசி.

கடைசியாக மேட். ஓரமெல்லாம் எழும்பி நிற்கும் தொட்டி மாதிரியான ரப்பர் மேட்டைத் தேர்ந்தெடுத்தார். நல்லதா என்று கேட்டார். "ரெண்டே நிமிசத்துல கழுவிரலாம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஒவ்வொரு இரவும் விரல்கள் தானாக அடித்துக்கொண்டிருந்த வாக்கியம் அது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

எங்கள் பக்கம் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் புது வண்டி வாங்கினாலும் பங்காளிகளில் மூத்தவர் காட்டிலிருந்து நேராக வந்து, கால் கழுவாமல், முதலில் ஏறி உட்கார வேண்டும். கருப்பனார் கோயில்வரை போய்த் திரும்ப வேண்டும். அவர் காலிலிருந்து விழுந்த மண் அடுத்த அமாவாசைவரை வண்டிக்குள் அப்படியே கிடக்க வேண்டும். ஜீப் வாங்கியவர்கள் செய்தார்கள், டிராக்டர் வாங்கியவர்கள் செய்தார்கள். இதில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. உன் வண்டி எங்கள் மண்ணில் ஓடப்போகிறது, எங்கள் மண்ணும் கொஞ்சம் உன் வண்டியில் இருக்கட்டும் என்பதுதான்.

அன்று மழை பெய்திருந்தது. கருப்பண்ணன் கணுக்கால்வரை செம்மண்ணோடு வந்து முன் சீட்டில் ஏறினார். நானும் அக்காளும் பின்னால் உட்கார்ந்தோம். நகர்ந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று சத்தம் போட்டது.

"ஏஞ்சாமி, சீட்டு முறுக்குத் திங்கிற மாதிரி சத்தம் போடுது?"

"உள்ள கவருங்க பெரியப்பா."

"பிரிக்கலயா?"

"பிரிச்சா அழுக்காயிருமுங்க."

கருப்பண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் தனபாலின் கண் ரோட்டில் இல்லை, மேட்டில் இருந்தது.

திரும்பி வந்து ரோட்டோரம் பாவாயி டீக்கடை முன்னால் நிறுத்தினோம். கருப்பண்ணன் இறங்கிப் போய் டீ சொன்னார். அவர் டீயை வாங்கி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே தனபால் முன்பக்க மேட்டை உருவினார். கடையின் குழாயைத் திறந்து கழுவினார். செந்தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடியது. அக்காள் "ஏனுங்க, ஏனுங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை. மேட்டை உதறித் தூக்கிப் பெரியப்பாவுக்கே காட்டினார்.

"பாருங்க பெரியப்பா. ரெண்டே நிமிசம்."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். அவமதிக்க வேண்டும் என்று செய்திருந்தால்கூட அந்த மனிதனை மதித்திருப்பேன்.

கருப்பண்ணன் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். "நல்லா இருக்குது சாமி. மண்ணு வந்த தடமே தெரியல" என்றார். பிறகு டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "எம்மண்ணு உன் கார்ல ரெண்டு நிமிசம் இருக்கக் கூடாது. அப்புறம் உன் காரு எம்மண்ணு மேல எதுக்கு வரோணும்? ரோட்டுலயே நிக்கட்டும்."

அவர் போன பிறகு தனபால் சிரித்தார். "பெருசு வெளையாட்டுக்குச் சொல்லுது" என்றார்.

வரப்பு வெட்டப்படவில்லை. கார் டீக்கடை முன்னால் நின்றது. சார்ஜ் ஏற்றப் பக்கத்து ஊரான செம்மேட்டில் ஒரு லாட்ஜ்காரரிடம் கெஞ்சி ஏற்பாடு செய்துகொண்டார். ஏறி முடிகிறவரை யாராவது தொட்டுவிடுவார்கள் என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மற்ற நேரத்தில் காரை ஒரு துணி உறையால் போர்த்தி வைத்தார். குரங்குகள் உறையைக் கிழித்தன. இன்னும் தடியான உறை வாங்கினார். மிளகு மூட்டையை நாமக்கல்லுக்குப் பஸ்ஸில்தான் கொண்டுபோனார், காருக்குள் வைத்தால் தூசி படியுமாம். அக்காள் அன்னாசிக் கூடையோடு வரப்பேறி வந்து, போர்த்தி நிறுத்திய காருக்குப் பக்கத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

பெரியப்பாவிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவள் தினமும் சொன்னாள். பெரியவர் தானாக இறங்கி வருவார் என்றார் தனபால். கருப்பண்ணன் இறங்கி வருகிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு நாள் தனபால் நாமக்கல் போயிருந்தபோது அக்காள் என்னிடம் வந்தாள். "கண்ணு, சாவிய எடு."

டீக்கடை முன்னால் கார்க்கதவுகளை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவினாள். மேட், கவர், தொங்கு பைகள், டிக்கித் தட்டு. நகம் மாட்டாத இடங்களில் பாவாயியிடம் கத்தி வாங்கிப் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். எல்லாம் கடை பெஞ்சில் குவிந்தது. வாசனை டப்பாவை மட்டும் பாவாயிக்குக் கொடுத்தாள்.

"ஏனுங்க அம்சா, காரை விக்கறீங்களா?" என்றாள் பாவாயி.

"இல்லீங்க. இப்பத்தான் வாங்கறேன்."

அடியில் கம்பெனிக்காரன் போட்ட சாம்பல் நிறக் கார்பெட் இருந்தது. கார் வந்த நாளிலிருந்து யாரும் அதில் கால் வைத்ததில்லை.

கருப்பண்ணன் காட்டின் மேற்கோரத்தில், ரோட்டை ஒட்டி, கிழங்கு பிடுங்கிப் போட்டிருந்தார். லாரி வரும் முக்குவரை அதைச் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். என்னை ஓட்டிப்போய் அதன் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னாள்.

"மாமா, கெழங்க ஏத்துங்க."

"அவன் எங்க?"

"நாமக்கல்லுங்க. மூட்டையோட பஸ்ஸுல போயிருக்காரு."

"காரு இங்க நிக்க பஸ்ஸுலயா?" கருப்பண்ணன் சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த மாதத்தில் அவர் சிரித்தது அதுதான். பிறகு கதவுக்குள் குனிந்து கார்பெட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். கேள்வி எனக்கு வந்தது.

"இது கழுவற சாமானாடா?"

"இல்லீங்க மாமா. இதுல செம்மண்ணு எறங்குனா போகாது."

"எதுலயும் போகாதா?"

"போகாதுங்க."

அவர் அவசரப்படவில்லை. கிழங்கையெல்லாம் எங்களையே சுமக்க வைத்தார். கிரீம் நிறப் பின் சீட்டின் மேல் மண்ணும் வேருமாகக் கூரை முட்டக் குவித்தோம். ஒடிந்த கிழங்கிலிருந்து பால் சீட்டில் வழிந்தது. அவர் முன்னால் ஏறினார். இரண்டு காலையும் கார்பெட்டில் நன்றாகத் தேய்த்து வைத்துக்கொண்டார். நான்கு நடை போனோம். கடைசி நடை முடிந்து இறங்கும்போது என் அக்காளிடம் சொன்னார்.

"தடம் உனக்குத்தான் அம்மிணி. வண்டிக்குள்ள நீ இருந்தா எங்காட்டுக்குள்ள வரலாம். நீ இல்லாம அவன் மட்டும் கொண்டாந்தா, ரோட்டுலயே நிக்கட்டும்."

தனபால் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெஞ்சில் கிடந்த குவியலைப் பார்த்தார். கார்க்கதவைத் திறந்து கார்பெட்டை விரலால் சுரண்டிப் பார்த்தார். தடம் கிடைத்த விஷயத்தை அக்காள் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கார்பெட்டுக்குன்னு எதாச்சும் லிக்விட் இருக்குமா?"

"இருக்கும் மச்சான். வேலை செய்யாது."

மறுநாள் கருப்பண்ணனே மண்வெட்டியோடு வந்து வரப்பை வெட்டத் தொடங்கினார். நானும் வெட்டினேன். தனபால் காருக்குள் தலையை விட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கார் வீட்டுவரை வருகிறது. அக்காளின் கூடை பின் சீட்டில் சந்தைக்குப் போகிறது; விற்று முடித்து அவள் பஸ்ஸில் திரும்புவாள். அவள் தலையில் சுமை ஏற்றி நான் பார்த்து நாளாகிறது. தனபாலுக்குத்தான் சங்கடம். சார்ஜ் தீர்ந்து வரும்போது அவள் சந்தையில் இருப்பாள். காட்டுக்குள் தனியாக இறங்கிவிட முடியாது, கருப்பண்ணன் எங்கேயாவது நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ரோட்டோரம் நிறுத்தி, மிச்சமிருக்கும் சார்ஜ் போய்விடுமே என்று ஏசியை அணைத்துவிட்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். நேற்றும் அப்படித்தான். அக்காள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் காரைத் தாண்டிப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏம்புள்ள, வாரியா?"

"வாரனுங்க. டீ சூடா இருக்குது."

பாவாயி இன்னும் டீயே போட்டிருக்கவில்லை.