எட்டாம் எண் காரை ஓட்டியவன்

முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து விசாரணை செய்தவன் நான். நிறுத்தி வைத்த காரில் மாடு வந்து மோதியது என்பார்கள். போய்ப் பார்த்தால் அந்த மலாய்க் கம்பத்தில், ஊர் முழுக்கத் தேடினாலும், மாடே இருக்காது. அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. என் மனைவி இதை வியாதி என்கிறாள். ஓய்வு பெற்று கோலா சிலாங்கூரில் வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அது தீரவில்லை.

அந்த வியாதிக்காகவே பழைய பந்தயக் கார்ச் சங்கம் ஒன்று என்னைத் தேடி வந்தது. சுங்கை பெசாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் திவாகரனிடம் இங்கிலாந்தில் 1961இல் செய்த பச்சைப் பந்தயக் கார் ஒன்று இருந்தது. இரண்டு இருக்கை, கூரை கிடையாது, உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. பத்தாங் காலி பக்கம் ஓர் எஸ்டேட் ஸ்டோரில் கிடந்ததை வாங்கிப் புதுப்பித்திருந்தான். அது எந்தெந்தப் பந்தயத்தில், யார் ஓட்டி, எத்தனையாவதாக வந்தது என்று இடைவெளி இல்லாமல் நான் எழுதித் தர வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனாலும் பின்னாளில் ஒட்டுப்போட்ட போலி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

முதல் நான்கு வருடம் சுலபமாக முடிந்தது. அந்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரைதான் ஓட்டியிருந்தார். ஆறு பந்தயம், ஒரு வெற்றி, இரண்டு முறை பாதியில் நின்றுபோனது. சிக்கல் 1967 ஜொகூர் பந்தயத்தில் வந்தது. முடிவுப் பட்டியலில் எட்டாம் எண், மூன்றாம் இடம், ஓட்டுநர் அப்பளசாமி என்று இருந்தது. ஒரே ஒரு படம் கிடைத்தது. அதிலும் ஹெல்மெட்டும் கண்ணாடியும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை.

நான் கேட்ட மூன்றாம் நாளே திவாகரன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். அங்கேயே எனக்கு மூக்கு வியர்த்தது. ஓட்டியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் காரின் மதிப்பு எங்கேயோ ஏறிவிடும்.

"இவருதான் சார் ஓட்டுனது. பத்தாங் காலியில இருக்காரு" என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு கிழவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தான்.

"பேரு?"

"ஐயாவு."

"லிஸ்டுல அப்பளசாமின்னு இருக்கே?"

"எஸ்டேட்ல கூப்புடுற பேரு வேறயா இருக்கும்லா சார்."

ஐசி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐயாவு, பிறந்த வருடம் 1951. பந்தயத்தின்போது பதினாறு வயது. பதினாறு வயதுப் பையனிடம் எந்தத் துரை பந்தயக் காரைக் கொடுப்பார்? ஆனால் எதிரே இருந்த முகத்துக்கு எண்பதுக்கும் மேல் மதிக்கலாம். வாடகைக்குப் பிடித்த நடிகர் என்றே முடிவு கட்டினேன்.

அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கிராணி வீட்டுப் புள்ளயா?"

"என் தாத்தா எஸ்டேட்ல ஆளுங்க பேரு பதியிற கிராணிதான்."

"அதான் பேரு மேலயே நிக்கிறீங்க" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். "நான் எஸ்டேட்ல லோரி ஓட்டுனேன் சார். இந்த வண்டியயும் நான்தான் பாத்துக்கிட்டேன். ரேசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது துரைக்குக் கை ஒடஞ்சிருச்சி. பணம் கட்டியாச்சி, நீ ஓட்டுடான்னாரு." இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கக்கூடிய கதை. நான் அசையவில்லை.

"பின்னால எடது சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு தகடு இருக்கும். தொழிலாளிங்க லயத்து ரோட்டுல ஓட்டிப் பாக்குறப்ப கல்லு அடிச்சி ஓட்ட விழுந்துருச்சி. எங்கம்மாவோட ரப்பர் பால் வாளிய வெட்டி ஒட்டுப் போட்டேன். நாப்பத்தி மூனுன்னு அவங்க வேலை நம்பர் குத்தியிருக்கும்."

சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே தார்ப்பூச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. நானே மண்டியிட்டு அரை மணி நேரம் சுரண்டினேன். அலுமினியத் தகடு தெரிந்தது. அதன் ஓரத்தில் 43. திவாகரன் வாயைப் பிளந்தான். அவனும் நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தேன். ஒட்டுப் போட்டவர் இவர் என்பது சரி, ஓட்டியவர் இவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அறிக்கையில் 'ஆள்மாறாட்டம்' என்று எழுதத்தான் மனம் துடித்தது.

மறுநாள் சாயங்காலம் கிழவரின் மகள் மாதவி என் வீட்டுக்கு வந்தாள். கோலா சிலாங்கூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவள். கழுத்தில் அலுவலக அட்டை இன்னும் தொங்கியது.

"அப்பா சொன்னத எழுதாதீங்க அங்கிள். வயசாயிருச்சி, என்னென்னமோ பேசுறாரு. அந்தக் கார அவரு தொட்டதுகூட இல்ல."

பொய்யனை உத்தமன் என்று சத்தியம் செய்த உறவினர்கள் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தகப்பனைப் பொய்யன் என்று சத்தியம் செய்ய ஒருத்தி வீடு தேடி வந்தது இதுவே முதல் தடவை. அதுவும் என் விரலாலேயே அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்த மறுநாள். பெருமைப்பட வேண்டியதை இவள் ஏன் மறைக்கிறாள்?

"உங்கப்பாவுக்கு உண்மையான வயசு என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் அழுதுவிட்டாள். பிறகு ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவள் அப்பாதான் அப்பளசாமி. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதியவில்லை. கையில் பிரஜை அல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான். அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு பிரஜை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டி கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாலு வயதில் இறந்துபோன தம்பி ஐயாவுவின் பிறப்புச் சான்று அம்மாவின் பெட்டியில் இருந்தது. எழுபதில் அதைக் கொண்டுபோய் பிரஜைக்குரிய நீல ஐசி எடுத்தார். அன்றிலிருந்து அவர் ஐயாவு. லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நாளில் இப்படிச் செய்த வீடு அது ஒன்று மட்டும் இல்லை.

"நாங்க மூனு பேரு, எங்க புள்ளைங்க, எல்லார் பேப்பரும் அது மேலதான் நிக்குது. சாகறதுக்குள்ள நீங்க எழுதுற லிஸ்டுல தன் பேரப் பாக்கணுங்கறாரு. எங்க கதி என்ன ஆகும்னு யோசிக்க மாட்டேங்குறாரு அங்கிள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டியலில் இருந்த பெயருக்குரியவரைத்தான் நான் நடிகர் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனாலும் முடிச்சு அவிழவில்லை. ஓட்டுநர் உயிரோடு இருந்தால் ஐசி நகலும் கையெழுத்தும் வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஐயாவு என்று போட்டால் பட்டியலோடு ஒத்துப்போகாது. அப்பளசாமி என்று போட்டால் ஆள் எங்கே என்பார்கள். வெற்றிடமாக விட்டால் கார் போலியாகிவிடும். இவர் ஒட்டுப் போட்டவர் மட்டும்தான், ஓட்டியவர் இல்லை என்று திவாகரனிடம் சொல்லி வைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் பத்தாங் காலிக்குப் போனேன். மாதவி லீவு போட்டுவிட்டு அங்கே இருந்தாள்.

மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றேன். விதியையும் விளக்கினேன். கிழவர் அடுப்படி வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

"ஆளு உசுரோட இல்லன்னா கையெழுத்து வேணாமா?"

"வேண்டாங்கய்யா."

"பேரு நிக்குமா?"

"நிக்கும்."

"அப்பன்னா செத்துட்டான்னு எழுதுங்க."

பொய்யென்று தெரிந்து ஒரு தாளில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவை எடுத்தேன். எந்த வருடம் என்று கேட்டேன். எழுபது என்றார், யோசிக்காமல். 'ஓட்டுநர் அப்பளசாமி. மூன்றாம் இடம். 1970இல் காலமானார்' என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னார். மாதவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாளை மடித்துப் பையில் வைக்கப் போனேன். கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சல்ல செத்தான்னு சேத்துக்குங்க சார். வண்டியில அடிபட்டுச் செத்தான்னு யாராச்சும் நெனச்சிறப் போறாங்க. அவன் கையில அந்த வண்டி ஒரு தடவகூட எங்கயும் முட்டுனதில்ல."