கடல் போன வழி

அந்த வருஷம் சித்திரையில் கடல் தூத்துக்குடியை விட்டுப் போய்விட்டது. மேற்கே போனதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பார்க்க வேண்டுமென்றால் வண்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியதுதான். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்ததால் நிறையப் பேர் போனார்கள்.

எப்சிபாவுக்குப் போகும் எண்ணம் இல்லை. அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் லீவு கிடைப்பது கஷ்டம். அதோடு அவள் புருஷன் ஞானதுரை கடல் இருக்கும் திசையைப் பார்த்து உட்காரவே மாட்டான். வீட்டு நாற்காலிகள் எல்லாம் மேற்கு பார்த்துத்தான் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கடற்கரைக்குப் போயிருந்தபோது அவன் தம்பி ஜெயசீலன் குளிக்க இறங்கினான். ஏறி வரவில்லை. அன்றிலிருந்து ஞானதுரை தம்பியின் பேரைச் சொன்னதில்லை. வேறு யாராவது சொன்னால் எழுந்து போய் வண்டியைத் துடைப்பான். அவர்களுடைய ஆம்னி வேன் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

கடல் கிடந்த இடத்தில் ஜனங்கள் இறங்கித் தேடினார்கள். தொலைந்ததெல்லாம் கிடைத்தது. செருப்பு, மோதிரம், பல் செட், நங்கூரம். எதிர்வீட்டு மரியசெல்வத்துக்கு ஒரு குடை கிடைத்தது. விரித்தால் அதற்குள் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது. ஞானதுரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். பொழுது சாயும்வரை நடந்தான். திரும்பி வந்து காலைக் கழுவாமல் வாசலில் நின்றான்.

“அங்க அவன் இல்ல,” என்றான்.

எப்சிபா அடுப்பை அணைத்தாள்.

“கடல் கூடவே போயிருக்கான். நாமளும் போவோம்.”

மறுநாளே கிளம்பினார்கள். சர்ச் வாலிபர் சங்கத்திலிருந்து ஒரு கூடாரம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு பாய், ஒரு குடம் தண்ணீர். எப்சிபா கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் ஒருவர் தொழிலை விட்டபோது அவரிடம் வாங்கியது. லென்ஸ் மூடி தொலைந்துபோனதால் ஊறுகாய் பாட்டில் மூடியைப் போட்டு வைத்திருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாளி, ஸ்டெபிலைசர், தூங்கும் பூனை என்று ஆட்சேபிக்காதவற்றையே எடுத்துப் பழகினாள். அவள் எடுக்கும் படங்கள் எல்லாம் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

ரோடு ஈரமாக இருந்தது. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாப்புகளில் பின்தங்கிய மீன்கள் நின்றன. வரிசையில்தான் நின்றன. எப்சிபா இறங்கி ஒரு படம் எடுத்தாள். ஒரு சாளை மீன் மட்டும் கடைசி நேரத்தில் அசைந்துவிட்டது.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள்.

“கடல் எங்கண்ணாச்சி போயிட்டு?” என்று கேட்டான் ஞானதுரை.

“நேத்து இங்கனதான் கெடந்துச்சு,” என்றார் டீக்கடைக்காரர். “விடிஞ்சதும் எந்திச்சுப் போயிட்டு.”

“ஏதும் சொல்லிச்சா?”

“எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. டீயை ஓங்கி ஆற்றினார். டீ உப்புக் கரித்தது.

“சீனி போடலையா?”

“அது சீனிதான்,” என்றார்.

அதன் பிறகு ரோடு நீள ஆரம்பித்தது. மூனாவிளை என்ற ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று ஒரு கல் சொன்னது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு இன்னொரு கல் பதினாலு என்றது. ஞானதுரை ஆக்சிலேட்டரை மிதித்தான். அடுத்த கல்லில் இருபது என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

“மெதுவாப் போங்க,” என்றாள் எப்சிபா. “வெரட்டுனா அது பயப்படும்.”

அவன் காலை எடுத்தான். வண்டி உருண்டு நின்ற இடத்தில் மூனாவிளை இருந்தது.

அங்கே ரோட்டோரத்தில் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். ‘கடற்கரை’ என்று ஒரு போர்டு. குடைக்குக் கீழே நாற்காலி போட்டுக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் பாய் விரித்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டம்.

“வண்டிய அங்கன விடுங்க,” என்றார் காக்கிச் சட்டைக்காரர். “செருப்பக் கையில எடுத்துக்கிடுங்க.”

“கடல் எங்க?” என்றான் ஞானதுரை.

“கடல் எம் பொறுப்பு இல்ல. கரை மட்டுந்தான்.”

“கடல் இல்லாம கரை எதுக்கு?”

“அது திரும்பி வந்தா எங்க நிக்கும்? நடுரோட்டுலயா?”

அது நியாயமாகத்தான் பட்டது. அவர்களும் பாயை விரித்தார்கள். ஞானதுரை வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வாழைத் தோட்டம் கோடுவரை வந்தது. பிறகு பின்வாங்கிப் போனது. மறுபடி வந்தது. பெண்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கால் நனையவில்லை. இலைதான் வந்து உரசியது. யாராவது கோட்டைத் தாண்டினால் காக்கிச் சட்டைக்காரர் விசில் ஊதினார்.

எப்சிபா அன்று முழுக்கப் படமெடுத்தாள். ஈரமில்லாத துண்டைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு கிழவர். எல்லாத் தட்டிலும் வாழைச் சருகு விழுந்திருந்த பஜ்ஜிக் கடை. சாயங்காலம் திரும்பிப் பார்த்தபோது ஞானதுரை வாழைத் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எப்போது திரும்பினான் என்று தெரியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். அது வந்து வந்து போவதையே கண் எடுக்காமல் பார்த்தான். எப்சிபா அவன் முகத்தை எடுத்தாள். அந்தப் படம் மட்டும் நேராக வந்தது.

காக்கிச் சட்டைக்காரர் அவர்கள் பக்கம் வந்து குனிந்தார்.

“யாரையும் தேடிட்டா போறிய?”

ஞானதுரை வாழைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்சிபாதான் தலையசைத்தாள்.

“கடல் தேரியில நிக்கு,” என்றார் அவர். “செவப்பு மணல்ல. விசிலடிச்சேன். பதில் வந்துச்சு.”

தேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது அடங்கியிருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல் மேடுகள். அங்கங்கே பனை. ஏற்கெனவே வந்தவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். கடலைக் காணோம். யாரையும் கேட்கவும் முடியவில்லை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஞானதுரை கூடாரத்துக்கு முளை அடித்தான். மணல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மறுபடி அடித்தான். மறுபடி கொடுத்தது. கடைசியில் கயிற்றை வேனில் கட்டிவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் எப்சிபா கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தாள்.

கடல் நின்றுகொண்டிருந்தது.

இத்தனை நாளும் அது படுத்திருந்துதான் அவள் பார்த்திருக்கிறாள். நின்றால் இவ்வளவு உயரம் என்று யாரும் சொன்னதில்லை. வெட்டி வைத்த அல்வா மாதிரி அதன் பக்கவாட்டு நேராக எழும்பி நின்றது. அடியில் கறுப்பு, அதற்கு மேல் நீலம், இன்னும் மேலே பச்சை, உச்சியில் வெயில். உச்சியில் வள்ளங்கள் மிதந்தன. கீழேயிருந்து அவற்றின் வயிறு தெரிந்தது, ஒவ்வொன்றிலும் பாசி. அதன் காலடியில் மணல் நனையாமல் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது மூச்சை இழுத்தபோதெல்லாம் பனை ஓலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன.

ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். பலூன் விற்க வந்திருந்த ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒரு பெண் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கழுத்தில் கேமரா கிடந்ததே எப்சிபாவுக்கு நினைவில்லை.

ஞானதுரை நடந்தான். போய்க் கடலுக்கு முன்னால் நின்றான். ஆள் தூங்கும் வீட்டு வாசலில் நிற்பவனைப்போல் தயங்கினான்.

“சீலா,” என்றான்.

அந்தப் பேரை அவன் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எப்சிபா ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

கடலின் பக்கவாட்டிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. பிறகு தோள். ஜெயசீலன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். அவனுக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை.

“அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்,” என்றான்.

“என்னல அஞ்சு நிமிஷம்? எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?” ஞானதுரையின் குரல் உடைந்தது.

“இப்பதானண்ணே எறங்குனேன்.” அவன் அண்ணனை உற்றுப் பார்த்தான். “என்ன, தலையெல்லாம் வெள்ளையா இருக்கு?”

“வெயில்ல நின்னேன்.”

“மைனி, நல்லாருக்கியளா?”

“நல்லாருக்கேன்யா,” என்றாள் எப்சிபா. “பசிக்கலையா?”

“பசிக்கி. என்ன வச்சிருக்கிய?”

“புளிச்சோறு. முட்டை அவிச்சிருக்கேன்.”

“கட்டி வைங்க. முங்கிட்டு வாரேன்.”

“நானும் வாரேன்,” என்றான் ஞானதுரை.

அவன் சட்டையைக் கழற்றினான். மடித்தான். கை மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தான். எப்சிபாவின் கையில் வைத்தான். அவள் சட்டையோடு சேர்த்து அவன் கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க ஏறி வரணும்,” என்றாள்.

“வருவேன்.”

“அவனும் இப்படித்தான சொல்லுதான்?”

ஞானதுரை யோசித்தான். “நான் அவன மாதிரி இல்லட்டி. எனக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியாது. வெளிய வந்துதான் ஆகணும்.”

அவள் கையை விட்டாள். அவன் கதவுக்குள் நுழைவதுபோல் கடலுக்குள் நுழைந்தான். தம்பி அவன் தலையில் கை வைத்து அமுக்கினான். ஞானதுரை இருமிக்கொண்டே எழும்பினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மைனி, ஒரு போட்டோ எடுங்க,” என்று கத்தினான் ஜெயசீலன். “கடல் முழுசும் வரணும்.”

எப்சிபா ஊறுகாய் மூடியைக் கழற்றினாள். கேமராவுக்குள் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் தெரிந்தார்கள், கடல் கொஞ்சம்தான் தெரிந்தது. ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது.

“சாச்சுராத தாயி,” என்றார் பலூன்காரர். “கொட்டிரும்.”

அவள் நேராகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கூடாரத்தைத் தாண்டினாள். ரோட்டைத் தாண்டினாள். ஒரு லாரி அவளுக்காக நின்றது. காலுக்குக் கீழே நிலம் ஏறியது. ஏதோ குன்று. திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். போகப் போகக் கடல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. கப்பல்கள் வந்தன. கப்பல்களுக்குப் பின்னால் மழை வந்தது. மழைக்குப் பின்னால் வேறு ஏதோ ஊரின் பகல். இத்தனையும் இத்தனை நாளாக அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கிடந்தது. அவள் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து ஏறினாள்.

குன்றின் உச்சியில் கடல் முழுசாக வந்தது. அதற்கு நாலு ஓரமும் இருந்தன. அண்ணனும் தம்பியும் நடுவில் இரண்டு மிளகு மாதிரித் தெரிந்தார்கள். அந்தக் கடைசி ஓரத்தில் இன்னொரு குன்று இருந்தது. அதன்மேல் ஒரு பெண் கேமராவோடு நின்றாள். அவள் கையை உயர்த்தினாள். எப்சிபாவும் உயர்த்தினாள். இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள்.

“படம் விழுந்துச்சா?” என்றான் ஞானதுரை.

வேனிலிருந்து எடுத்த சோற்றுத் தூக்குவாளியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எப்சிபா அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

“விழுந்துச்சு,” என்றாள்.

அவன் தரையில் உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தான். சீலனுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியது. சீலன் பரீட்சைக்குப் போகிறேன் என்று சினிமாவுக்குப் போனது. அன்றைக்குக் கடற்கரையில் அவன் கூப்பிட்டபோது தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. எதையும் விடவில்லை. எப்சிபா சோற்றை இலையில் வைத்து மடித்து நூல் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பேசி முடிக்காமலேயே கடல் கிளம்பிவிட்டது.

அது குன்றை நோக்கித்தான் வந்தது. பக்கத்தில் வந்ததும் இரண்டாகப் பிரிந்து அவர்களுக்கு இரண்டு பக்கமும் நடந்து போனது. ஒரு சொட்டும் மேலே தெறிக்கவில்லை. தலைக்கு மேலே கப்பல்களின் அடிப்பாகம் ஒவ்வொன்றாகப் போனது. திருக்கை போனது. ஆமை போனது. பேரே தெரியாத பெரிய ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அதன் கண் மட்டும் வேன் அளவு. அது இவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஞானதுரை எழுந்து நின்று வணங்கினான்.

பிறகு ஜெயசீலன் வந்தான். கன்னத்தை உப்பிக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு, அவர்கள் கண் மட்டத்தில் போனான்.

“மூச்சுப் பிடிச்சிருக்கான்,” என்றான் ஞானதுரை. “பாத்தியா? எம்புட்டு நேரமாப் பிடிச்சிருக்கான்!” அதில் பெருமை இருந்தது.

எப்சிபா சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். ஒரு கை வெளியே வந்து வாங்கிக்கொண்டது.

கடல் முழுசும் கடந்து முடியச் சாயங்காலம் ஆனது. எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு நண்டு வந்தது. அது அவசரப்படவில்லை. ஞானதுரை காலை மடக்கி அதற்கு வழிவிட்டான்.