சாம்பல் தொப்பிக்காரர்

மூன்றாவது நாளாக அந்தச் சாம்பல் தொப்பிக்காரர் குருமிசாவா ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, காதில் பென்சில், செருப்பில் வயல் சேறு. நேற்று பத்தேகால் வண்டி வந்தபோதும் அவர் அசையவில்லை. ஏறியவர்களை நோட்டம் விட்டு ஏதோ குறித்துக்கொண்டார். வண்டி ஏறாத ஆளுக்கு ஸ்டேஷனில் என்ன வேலை? நிலையத்தைக் கூட்ட வந்த ஹரூயோ ஓரக்கண்ணால் அவரையே கவனித்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாமல் போய் முப்பது வருஷமாகிறது. ஊர்ப் பெண்கள்தான் முறைவைத்துக் கூட்டி, பெஞ்சு மெத்தைகளுக்கு உறை தைத்துப் போடுகிறார்கள். கோடை முடியும்போது ரயில் கம்பெனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது: குருமிசாவா, அடுத்துள்ள ஷிமோதானி, இரண்டில் குறைவாக ஆள் ஏறும் நிலையம் வசந்தத்தில் மூடப்படும். அன்றிலிருந்து பெண்கள் வேலை இருக்கிறதோ இல்லையோ தினமும் வண்டி ஏறினார்கள். ஷிமோதானியில் இறங்கி, வயல் வழியே மூன்று கிலோமீட்டர் நடந்தே திரும்பினார்கள். அங்கே ஏறினால் அந்த ஊருக்கு அல்லவா ஓர் ஆள் கூடிவிடும்!

மற்றவர்களுக்கு இது ஊர் மானம். ஹரூயோவின் கணவரோ பக்கவாதம் வந்து நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. மதியக் கஞ்சி அவள் ஊட்டினால்தான் இறங்கும். கண் மங்கியதும் கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வண்டி இங்கே நிற்காவிட்டால் அவரைப் பார்க்கவே வழியில்லை. நினைத்தாலே பயமாக இருந்தது.

இன்று மற்ற பெண்கள் முள்ளங்கி ஊறுகாய் போடப் போயிருந்தார்கள். அவள் தனியாக, மெத்தையைத் தட்டும் சாக்கில் நோட்டை எட்டிப் பார்த்தாள். பக்கம் முழுவதும் எண்ணிக்கைக் கோடுகள்.

"ஐயா, நீங்க கம்பெனி ஆளா?"

"நானா? சேச்சே."

"பின்ன யாரு? மூணு நாளா மெத்தையைத் தேய்ச்சுக்கிட்டிருக்கீங்க."

அவர் முகம் சிவந்தது. "பேரு தொகுஜி. ஊரு ஷிமோதானி. எங்க ஊர்ல வந்து இறங்குற உங்க பொம்பளைங்க திரும்பி ஏறுறதே இல்லையே, என்ன தில்லுமுல்லுன்னு பாக்க வந்தேன்."

"ஓகோ! உங்க ஆளுங்க ஏழு பேரு போன வாரம் இங்க இறங்கி நடந்தே போனாங்களே, அது என்னவாம்?"

"அது... நடந்தா உடம்புக்கு நல்லதும்மா."

"நோட்டைக் குடுங்க."

"மாட்டேன். கம்பெனிக்கு எழுதிப் போடப் போறேன்."

ஒற்றைப் பெட்டி வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. ஹரூயோ இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள். தொகுஜி பென்சிலைத் தயாராக வைத்திருந்தார்.

"நீங்க ஏறலையா?"

"இங்க ஏறி உங்க கணக்கைக் கூட்டவா? போங்கம்மா, வண்டி போயிடும்."

என்னை அனுப்புவதில் இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? நான் போனதும் என்னத்தை எழுதுவானோ, எதை அழிப்பானோ? கஞ்சிக் குடுவை இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நின்றாள். அடுத்த வண்டி ஒன்றரைக்குத்தான். ஆஸ்பத்திரியில் கணவர் பசியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்தும் கால் நகரவில்லை.

ஓட்டுநர் தலையை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும் ஏறலையா?"

ஹரூயோ நோட்டைப் பார்த்தாள், தொகுஜி அவளைப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து, குருமிசாவாவுக்கு நேரே நிதானமாக ஒரு பூஜ்ஜியம் போட்டார்.