மேல் வீடும் கீழ் வீடும்

தையல்காரிக்குப் புரியாதது ஒன்றுதான். மெத்தையை வெயிலில் புரட்டியாயிற்று, விரிப்பைக் கொதிநீரில் முக்கியாயிற்று, கட்டிலின் இடுக்கெல்லாம் நீராவி இஸ்திரிப்பெட்டியைச் சீறவிட்டாயிற்று. சில நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் முதுகில் வரிசையாகத் தடிப்பு. மூட்டைப்பூச்சி எந்த வழியாகத் திரும்பி வருகிறது?

கீழே குடியிருந்த வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. "ஊரார் துணியெல்லாம் உன்கிட்டதானே வருது? அதுல வந்திருக்கும். பூச்சிய ஒழி, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு." மாடிப்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பூச்சியாவது தோலைத்தான் கடித்தது. இந்தப் பேச்சு பரவினால் துணி தைக்கக் கொடுக்க யார் வருவார்கள்?

அவள் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, ஒவ்வொரு காலையும் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, அதைப் பெரிய கிண்ணத்துக்குள் வைத்தாள். வழுக்கும் சுவரில் மூட்டைப்பூச்சிக்கு ஏற வராது. ஆகவே சின்னதின் இருபுறமும் பெரியதின் உட்புறமும் முகப்பவுடர் பூசினாள். பெரியதின் வெளிப்புறத்தில் மட்டும், ஏறிவரத் தோதாகத் துணி ஒட்டினாள். கட்டிலிலிருந்து இறங்குவது சின்னதில் விழும். அறையிலிருந்து வருவது பெரியதில் விழும்.

மறுநாள் காலை வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னக் கிண்ணங்கள் காலி. பெரியவற்றில் ஒரு கூட்டமே தடுமாறிக்கொண்டிருந்தது.

"பாருங்கண்ணே, எல்லாம் வெளியிலேருந்து வந்ததுங்க."

"வெளியிலேருந்துன்னா? பறந்தா வந்துச்சு?" என்றபடி அவர் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டார். தேய்ப்பில் நல்ல பழக்கம் தெரிந்தது.

"உங்களையும் கடிக்குதாண்ணே?"

"வேர்க்குரும்மா."

"வேர்க்குருவுக்கு எதுக்குக் கட்டிலுக்கு மண்ணெண்ணெய் அடிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "வாடை தாங்காம நான் கூடத்துல படுக்கிறேன்."

தையல்காரி சுவரைப் பார்த்தாள். சுவிட்சுப் பெட்டியின் விளிம்பில் மூட்டைப்பூச்சி எச்சத்தின் கருப்புப் புள்ளிகள். மின்கம்பிக் குழாய் கீழ் வீட்டிலிருந்து நேரே அதற்குள்தான் ஏறுகிறது. அவர் மண்ணெண்ணெய் அடித்தால் பூச்சிகள் மேலே குடிவருகின்றன; இவள் கட்டிலுக்கு ஆவி பிடித்தால் தப்பியவை கீழே போகின்றன. வாடகையில்லாமல் இரண்டு வீடு.

"சுவரும் குழாயும் உங்க பொறுப்புண்ணே. மெத்தையும் துணியும் என் பொறுப்பு. நான் காலி பண்ணணுமா?"

"நான் பூச்சியத்தாம்மா காலி பண்ணச் சொன்னேன்."

"தெருவுக்கே கேட்டுச்சு, யாரைச் சொன்னீங்கன்னு. இதையும் படியில நின்னே சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் சொன்னார், கொஞ்சம் இருமிவிட்டு. பிறகு மெயினை அணைத்து, குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, மறுபடி மெயினைப் போட்டார். தன் மெத்தையைத் தலையில் சுமந்து மொட்டைமாடிக்கு ஏறினார். இஸ்திரிப்பெட்டி மேல் வீட்டை முடித்த கையோடு கீழே இறங்கியது. வழியை அடைத்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் ஆவி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.