உத்காடனம் ஆகாத அறை

மீனாட்சிபுரம் தாண்டிப் போகும் ரோட்டில் எல்லையோரமாக, கேரளத்துக்குள் ஓர் ஊர். பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அங்கே பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். கட்டினார்கள், அவ்வளவுதான். சுவரில் முயலும் கிளியும் சிரிக்கின்றன. உள்ளே குட்டி நாற்காலிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. சர்க்கார் பணம் அனுப்பியது, பணம் செலவானது, வேலை முடிந்தது என்று மேலே ரிப்போர்ட்டும் போய்விட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை, ஏனென்றால் உத்காடனம் ஆகவில்லை. திறப்புவிழாவுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் மலையாளத்தில் அதுதான் பேர். மந்திரி தேதி கொடுப்பார், தள்ளிப்போடுவார், மறுபடி கொடுப்பார். கேட்டால் வந்துவிடும் என்பார்கள்.

அங்கன்வாடி டீச்சர் சித்ராவின் தலையில்தான் பாதுகாப்புக் கமிட்டி வேலையையும் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளிடம் பேசி ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் வேலைக்கு ஆள் வரும்வரை என்றார்கள். எங்கே வந்தது? பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்தபோது அவள் சொல்லியிருந்தாள்: "ஏதாச்சும் பயமா இருந்துச்சுன்னா அந்த முயல் போட்ட ரூமுக்கு ஓடியாந்துருங்க. நான் இல்லீன்னாலும் வாசல் போர்டுல எம்பட நம்பர் இருக்கும்." அடுத்த வாரமே உத்காடனம் என்று அப்போது பேச்சு. அதை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டாள். தேதி தள்ளிப்போனதைப் பந்தல்காரன்வரைக்கும் சொன்னார்கள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, சித்ராவுக்கும்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பவதாரணி அதை அப்படியே நம்பினாள். படிப்பை நிறுத்தி, எல்லைக்கு அந்தப்பக்கம் ஏதோ நூல் மில்லுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சித்ராவிடம் அழுதிருந்தாள். "வண்டி வந்தா ஓடியா கண்ணு" என்று அவள் தலையைத் தடவிச் சொன்னதும் சித்ராதான்.

திங்கட்கிழமை காலை, அறைக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் மருதாத்தாள் சித்ராவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், சனிக்கெழம எங்கீங்க போயிட்டீங்க? அந்தப் பவதாரணிப் புள்ள ஸ்கூல் பையோட வந்து கதவத் தட்டு தட்டுன்னு தட்டுச்சுங்க. பூட்டிக் கெடக்குது சாமீன்னேன். போர்டுல நம்பர் இருக்குதுன்னுச்சு. போர்டத்தான் மஞ்சத்துணி போட்டு மூடி வெச்சிருக்கறாங்களே, மந்திரி வந்து தொறக்கறதுக்கு! புள்ள துணியத் தூக்கப் போச்சு. மந்திரிக்கு முன்னாடி தொட்டா மெம்பர் வைவாருன்னு நாந்தான் வேண்டாமுன்னுட்டேன். அதுக்குள்ள அவ மாமன் வந்து கையப் புடுச்சு இழுத்துட்டுப் போயிட்டானுங்க. மில்லு வண்டி முக்குலயே நின்னுட்டிருந்துச்சு."

சனிக்கிழமை சித்ரா டவுனில், ஏசி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைப் பாதுகாப்பில் கண்ட முன்னேற்றத்தைப் பற்றித்தான் கூட்டம். பிரியாணி நன்றாக இருந்தது என்று அங்கே யாரிடமோ சொன்னதும் இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

மேலாபீசுக்குப் போன் போட்டாள். பிள்ளை தமிழ்நாட்டுக்குள் போய்விட்டதால் புகாரை எழுத்துமூலம் தரவேண்டும், அவர்களுக்கு இவர்கள் எழுதுவார்கள், அவர்கள் பார்ப்பார்கள் என்று ஒரு குரல் பொறுமையாக விளக்கியது. அந்தப் பொறுமையைக் கேட்கத்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வைத்த கையோடு போன் அடித்தது. மெம்பர் நவீன்குமார்.

"டீச்சர், நல்ல சேதிங்க! மந்திரி தேதி குடுத்துட்டாரு, வர்ற வியாழக்கெழம. புள்ளைங்கள யூனிபார்ம்ல கூட்டியாந்துருங்க. பிரார்த்தனைப் பாட்டுக்கு அந்தப் பவதாரணியச் சொல்லிருங்க, நல்லாப் பாடுவா. வந்துருவாளுங்களா?"

"அவ சனிக்கெழமயே வந்துட்டாளுங்க மெம்பரே. நீங்கதான் பூட்டி வெச்சிருந்தீங்க."

அவர் என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சித்ரா போனை வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய், போர்டை மூடியிருந்த மஞ்சள் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஆணியோடு கையில் வந்தது. 'எந்நேரமும் வரலாம்' என்று பெரிதாக எழுதி, கீழே அவள் நம்பரைப் போட்டிருந்தார்கள்.

"ஐயோ டீச்சர், மெம்பருங்க!" என்று மருதாத்தாள் பதறினாள்.

"வையட்டுமுங்கக்கா. இனி எந்தப் புள்ள வந்து நின்னாலும் உங்க கடைக்குள்ள உக்கார வெச்சுட்டு இந்த நம்பருக்குக் கூப்புடுங்க. மாமன் வந்தாலும் மந்திரியே வந்தாலும் உட்டுராதீங்க."

"செரீங்க. நீங்க இப்ப எங்க போறீங்க?"

"அவ ஊட்டுக்கு. எந்த மில்லுன்னு அவங்கம்மா வாயில வாங்கீட்டு, பொள்ளாச்சி பஸ்ஸேறப் போறேன்."

துணியை மருதாத்தாள் கையில் திணித்துவிட்டு அவள் வேகமாக நடந்தாள். போன் மறுபடி அடித்தது, மெம்பர்தான். எடுக்கவில்லை.